பாலத்தின் மேல் எங்கே நிற்கிறீர்கள்?

மந்தாரக்குறிச்சிக்காரர்களைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் எப்போதும் ஒரே விதமாகத்தான் பேசுவேன். தங்கமான மனுஷர்கள். மூளையை மட்டும் அதிகம் புழங்காமல் புதுசாகவே வைத்திருக்கிறார்கள். அதைப் போய் ஒரு குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் சேறு. அக்கரையில் பால் சொசைட்டி, இக்கரையில் பவளக்கொடியும் அவளுடைய மூன்று எருமைகளும். தலையில் பால்கேனோடு ஆற்றில் இறங்கி இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். அதற்கப்புறம் அணைக்கட்டைச் சுற்றி ஆறு மைல் நடந்தே போனாள். வெயில் ஏறிப் போய்ச் சேருவதற்குள் பால் திரிந்துவிடும். "இன்னொரு தடவை திரிஞ்ச பால் கொண்டு வந்தேன்னா உன் பேரை அடிச்சுருவேன் தாயி" என்று சொசைட்டிக்காரர் சொல்லிவிட்டார். புருஷன் போய்ச் சேர்ந்த வீடு. எருமைகளை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. அந்தப் பேரை அடித்தால் அடுப்பும் அணையும்.

ஆகவே ஒரு வருஷமாகப் பஞ்சாயத்துத் தலைவர் வடமலையைப் பிடித்து, பாலம் பாலம் என்று நச்சரித்து, ஒரு மனுவும் போட வைத்தாள். பதில் வந்தது. பாலம் கட்டும் ஆபீசில் அப்போது வடக்கேயிருந்து வந்த ஓர் அதிகாரி இருந்தார். அவர் எழுதியதெல்லாம் இங்கிலீஷ்.

ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஏகாம்பரம் ஒருவர்தான். டவுனில் ஒரு வக்கீல் வீட்டில் இரண்டு வருஷம் தோட்டவேலை பார்த்தவர். வரும்போது அங்கே குப்பைக்குப் போன டிக்‌ஷனரி ஒன்றைக் கையோடு எடுத்து வந்திருந்தார். அட்டை கிடையாது, கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சமிருந்ததே மந்தாரக்குறிச்சிக்கு ஏகப்பட்டது.

ஏகாம்பரம் கடிதத்தை விரித்துப் படித்தார். "வேர் டூ யூ ஸ்டாண்ட் ஆன் த பிரிட்ஜ்?"

"தமிழ்ல சொல்லும்வே" என்றார் வடமலை.

"வேர்னா எங்க. ஸ்டாண்டுன்னா நிக்கது. பிரிட்ஜ்னா பாலம். பாலத்து மேல நீங்க எங்க நிக்கீகன்னு கேக்காக."

நாமாக இருந்தால் 'பாலம் வேணுமா, வேண்டாமா' என்று கேட்டு முடித்துவிடுவோம். இங்கிலீஷ்காரனுக்கு அது மரியாதைக் குறைவு. உன் எண்ணம் என்ன என்று கேட்க வேண்டிய இடத்தில் எங்கே நிற்கிறாய் என்று கேட்பான். உட்கார்ந்திருப்பவனையும் அப்படித்தான் கேட்பான். இது மந்தாரக்குறிச்சிக்கு எப்படித் தெரியும்?

"பாலமே இல்லையே, அது மேல எங்க நிக்கது?" என்று கேட்டான் மாசானம். ஊரிலேயே அதிகமாக யோசிக்கிறவன் அவன்தான். அதனால் அவனை எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை.

"அதுதான்லே பரீட்சை" என்றார் வடமலை. "பாலம் வர்ற இடத்துல இப்பவே நின்னு பழகியிருக்கோமான்னு பாக்காக. பழக்கமில்லாதவனுக்குப் பாலத்தைக் கொடுத்தா விழுந்து வைப்பான்லா?"

பவளக்கொடி குறுக்கே வந்தாள். "அண்ணாச்சி, பாலம் வேணும்னு ஒத்தை வரி எழுதிப் போடுங்க. போதும்."

"கேட்ட கேள்விக்குத்தான் தாயி பதில் எழுதணும். வேணுமான்னு அவுக கேக்கவே இல்லையே. கேக்காததை எழுதினா கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

மறுநாள் காலையில் ஆம்பளைகள் நாற்பத்திரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வரிசையாக நின்றார்கள். ஏகாம்பரம் நின்றபடியே பதில் எழுதினார். 'வடமலை நடு ஆற்றில், தொப்புள் வரை தண்ணீர். ஏகாம்பரம் அவருக்கு இடப்பக்கம். மாசானம் வலப்பக்கம், காலடியில் ஒரு கல் உறுத்துகிறது.' இப்படி நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதி அனுப்பினார்கள்.

அதைப் படித்த அதிகாரி என்ன பாடுபட்டாரோ, ஒரு வாரத்தில் அடுத்த கடிதம் வந்தது. "கைண்ட்லி கிளாரிஃபை யுவர் பொசிஷன்."

ஏகாம்பரம் டிக்‌ஷனரியைப் புரட்டினார். "பொசிஷன்னா இருக்கிற இடம். கிளாரிஃபைன்னா, வெண்ணெயை உருக்கித் தெளிய வைத்தல், கலங்கலைத் தெளிவித்தல்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருத்தமாகச் சொன்னார். "தயவுசெஞ்சு நீங்க நிக்க இடத்தைத் தெளிய வையுங்கன்னு எழுதியிருக்காக."

எல்லோரும் ஆற்றுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். ஒரு வாரமாகத் தினமும் நின்று பழகிய நாற்பத்திரண்டு பேர் மிதித்த இடம் காப்பித்தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்தது.

"அங்க உக்காந்துக்கிட்டே எப்படிக் கண்டுபிடிச்சாரு பாரும்" என்று வடமலை வியந்துபோனார்.

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டை இருக்கிறது. குடத்தின் உள்பக்கம் ஒரு கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் போதும், சேறு அடியில் படிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்கு எத்தனை கொட்டை என்பதுதான் பிரச்சினை.

"ஆத்துல எத்தனை குடம் தண்ணி இருக்குன்னு தெரிஞ்சா, அத்தனை கொட்டை" என்றான் மாசானம்.

சரி, நீயே அள என்று குடத்தை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் மொண்டான், பக்கத்திலேயே ஊற்றினான். மத்தியானம் வரைக்கும் முந்நூறு குடம் ஆயிற்று. ஆறு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

"ஏலே, மொண்ட தண்ணியை எங்க ஊத்துத?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"ஆத்துலதான். ஆத்துத் தண்ணியை ஆத்துல ஊத்தாம வீட்டுக்கா கொண்டு போக? திருட்டுல்லா அது."

அவன் நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள். கடைசியில் ஒரு மூட்டை தேத்தாங்கொட்டையை அப்படியே ஆற்றில் கொட்டிவிட்டு, அவரவர் இடத்தில் இறங்கி அசையாமல் நின்றார்கள். அசையாமல் நின்றதால் தண்ணீர் தெளிந்தது. கொட்டைக்குத்தான் நல்ல பேர் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து மாசானத்தின் கட்டைவிரலை ஒரு நண்டு கவ்வியது. அவன் துள்ளி இரண்டடி தள்ளி நின்றான். பொய் சொல்லத் தெரியாத ஊர் ஆயிற்றே, அதையும் பதிலில் எழுதினார்கள். 'இடம் தெளிந்துவிட்டது. மாசானம் மட்டும் இரண்டடி மேற்கே மாறியிருக்கிறான்.'

மூன்றாவது கடிதம் கொஞ்சம் சூடாக இருந்தது. பொசிஷனை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், இதற்கு மேல் மாற்றக் கூடாது, புதன்கிழமை நேரில் வருகிறேன், அன்றைக்கும் உங்கள் பொசிஷன் தெளிவில்லை என்றால் பாலம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றிருந்தது.

"எல்லாம் உன்னாலதாம்லே" என்று மாசானத்தை முறைத்தார் வடமலை.

பவளக்கொடி ஓடி வந்தாள். முந்தின நாள்தான் சொசைட்டிக்காரர் அவள் பாலை மோந்து பார்த்துவிட்டு, நோட்டில் அவள் பேருக்கு நேரே ஒரு புள்ளி வைத்திருந்தார். "அண்ணாச்சி, உங்க எல்லாரையும் கும்பிட்டுக் கேக்கேன். அவரு வந்ததும் பாலம் வேணும்னு வாயைத் திறந்து சொல்லிருங்க."

"நீ கவலைப்படாத பவளம். நாங்க அசையவே மாட்டோம்" என்றார்கள் நாற்பத்திரண்டு பேரும்.

புதன்கிழமை விடிந்ததும், வெயிலுக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று அதிகாரி வந்துவிட்டார். அக்கரையில் ஜீப்பை விட்டு இறங்கியவர், ஆற்றுக்குள் மார்பில் கை கட்டி நிற்கும் நாற்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு பரீட்சைக்குப் படித்த தமிழில் கேட்டார்.

"நீங்கள் பாலத்துக்கு ஆதரவா, எதிரா?"

வடமலை தலையைத் திருப்பாமல் ஏகாம்பரத்தைக் கேட்டார். "எதிருன்னா எதுத்தாப்புலதான?"

"ஆமா. அவரு நமக்கு எதுத்தாப்புலதான் நிக்காரு."

"எதிராத்தான் நிக்கோம் ஐயா" என்று உரக்கச் சொன்னார் வடமலை. "உங்க மூஞ்சி நல்லாத் தெரியுது."

அதிகாரி பேனாவைத் திறந்தார். பவளக்கொடி அதை இக்கரையிலிருந்து பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த பாலத்தை இந்த மனுஷர் ஒரே வார்த்தையில் ஆற்றோடு விட்டுவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்திச் சொன்னாலும் அக்கரைக்குக் கேட்காது. கையில் அன்றைக்குக் கறந்த பால் இருந்தது. விறுவிறு என்று இறங்கி, கரையோரம் நின்ற முதல் ஆளிடம் கேனை நீட்டினாள்.

"இதை அந்தக் கரைக்குத் தள்ளி விடுங்க. எனக்கு என்ன வேணும்னு அவரு கண்ணால பாத்துக்கிடட்டும்."

"அசையக் கூடாதே தாயி" என்றான் அவன்.

செய்தி நடு ஆறு வரைக்கும் போயிற்று. வடமலை யோசித்தார். "ஏகாம்பரம், கைக்குப் பொசிஷன் உண்டா?"

"நிக்கதைத்தான் எழுதியிருக்காக. நிக்கது காலு. கையைப் பத்தி லெட்டர்ல ஒண்ணுமில்லை."

கால் நகரவில்லை. கை மட்டும் நீண்டது. நாற்பத்திரண்டு ஜோடிக் கைகள் மாறி, ஒரு சொட்டுச் சிந்தாமல், பால்கேன் போய் அதிகாரியின் பூட்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சொசைட்டிக்காரர் ஓடி வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நுரைகூட அடங்கியிருக்கவில்லை. "பேரு இருக்கட்டும் தாயி" என்று அக்கரையிலிருந்து கையை ஆட்டினார். அந்த வார்த்தையும் வரிசையில் வாய் மாறி இக்கரைக்கு வந்து சேர்ந்தது. பவளக்கொடி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

அதிகாரி தன் ரிப்போர்ட்டை எழுதி முடித்தார். அவருக்குப் பூர்வீகம் மந்தாரக்குறிச்சியாக இருக்குமோ என்று எனக்கு இன்று வரைக்கும் சந்தேகம் உண்டு. எழுதியது இதுதான்: 'இந்த ஆற்றில் ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது. நாற்பத்திரண்டு தூண்கள். நேரில் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. பொசிஷன் தெளிவாக இருக்கிறது. புதுப் பாலம் தேவையில்லை, பராமரித்தால் போதும்.'

பாலம் வந்துவிட்டது என்று ஊரே அன்றைக்குப் பாயசம் வைத்தது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் கேன் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது.

தை பிறந்ததும் பராமரிப்புக்கு ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்தான். சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக ஆற்றில் இறங்கி, முதல் ஆளிலிருந்து வரிசையாக, இடுப்புக்கு மேலே எல்லோருக்கும் வெள்ளையடித்தான். யாரும் அசையவில்லை. அடித்து முடித்துவிட்டு நோட்டைப் பார்த்தான். "நாப்பத்திரண்டு தூணுன்னு எழுதியிருக்கு. நாப்பத்தொண்ணுதான இருக்கு?"

வடமலை, சுண்ணாம்பு கண்ணில் விழாமல் இருக்க இமையை மூடிக்கொண்டே சொன்னார். "ஒரு தூணு மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கு தம்பி. வெள்ளிக்கிழமை வந்துரும். அதுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு வச்சுட்டுப் போங்க."