நாலு இடம் பார்த்துவிட்டு வந்த கோமதிநாயகம்

சிவந்தியாபுரம் கூட்டுறவு நூற்பாலையில் ஐம்பது வயதைத் தொடுவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் மூன்று பேர். மூவருமே ஆலையில் நல்ல பெயர் எடுத்தவர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள், சொல்லாததைச் செத்தாலும் செய்யமாட்டார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவரான மந்திரமூர்த்தியிடம், "இங்கேயே நில்லும், இப்ப வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போன மேலாளர், அன்று சாயங்காலமே மாற்றலாகி விருதுநகருக்குப் போய்விட்டார். மந்திரமூர்த்தி மூன்று நாள் அங்கேயே நின்றார். புது மேலாளர் வந்து, போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

நம்முடைய கதை அவருடைய கூட்டாளி கோமதிநாயகத்தைப் பற்றியது. ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து கோமதிநாயகம் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மனைவி பரமகல்யாணி பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு இன்னும் பதினைந்து வருஷம் வேலை பாக்கி. அவள் விடிந்ததும் எழுந்து சமைத்து, பெருக்கி, துணி துவைத்து, தலையை ஈரத்தோடு முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதை கோமதிநாயகம் மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே காபி கேட்டார். பத்தொன்பதாம் நாள் பரமகல்யாணிக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படி உக்காந்தே இருக்கியளே. எங்கயாவது போயி நாலு இடத்தப் பாத்துட்டு வாங்களேன்," என்றாள்.

கோமதிநாயகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மந்திரமூர்த்தியையும் குற்றாலிங்கத்தையும் டீக்கடைக்கு வரவழைத்தார். மூன்றாமவரான இந்தக் குற்றாலிங்கம் கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர். ஆனால் சந்தேகம் வருவது காரியம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கூட்டுறவு ஆலையில் வேலை பார்த்த பழக்கம், அவர்களுக்கு எதையும் தீர்மானம் போடாமல் செய்ய வராது. ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், மூன்றாமவர் கைதூக்க வேண்டும். வீட்டம்மா சொன்னபடி நாலு இடம் பார்ப்பது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. எப்படிப் பார்ப்பது என்பதற்கு மந்திரமூர்த்தி தன் போனில் ஒரு தாடிக்காரத் தம்பியைக் கண்டுபிடித்தார். சீக்கிரமே ஓய்வுபெற்று, இருக்கிற காசில் வருஷக்கணக்காக உலகம் சுற்றுவது எப்படி என்று அந்தத் தம்பி வீடியோவில் விளக்கிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதினார்கள். பை ஏழு கிலோ இருக்க வேண்டும். மெதுவாகப் பயணம் செய்ய வேண்டும். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர்க்காரர் செய்வதையே செய்ய வேண்டும். கடைசியாக, ஒரு வருஷத்துக்கு வீட்டை மறந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுதும்போது கோமதிநாயகத்துக்கு மனம் வரவில்லை. ஆனால் மற்ற இருவரும் கையைத் தூக்கிவிட்டதால் அவரும் தூக்கினார்.

கிளம்புகிற அன்று பரமகல்யாணி வாசலில் நின்று, நிஜமாகவே போகிறீர்களா என்று கேட்டாள். நீதானே சொன்னாய் என்றார் அவர். அவள் உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போனாளா, தொல்லை விட்டது என்று போனாளா என்பது கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. சென்னை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். நாம் திரும்பி வருவதை அவள் விரும்புவாளா என்று யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

விமான நிலையத்தில் பையை நிறுத்துப் பார்த்தபோது கோமதிநாயகத்தின் பை ஏழு கிலோ சரியாக இருந்தது. ஐந்தரைக் கிலோதான் வந்ததென்று, வீட்டிலேயே அதற்குள் ஒரு குழவிக்கல்லை வைத்திருந்தார். சோதனை செய்கிறவர்கள் அதை எடுத்து மேசைமேல் வைத்து, இது எதற்கு என்று கேட்டார்கள். எடைக்கு என்றார் கோமதிநாயகம். கல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். குற்றாலிங்கத்தின் பையோ எட்டரைக் கிலோ. அதிலிருந்து ஒன்றரைக் கிலோவை எடுத்து இதில் வைக்கலாமே என்று மூவருக்கும் தோன்றவில்லை. குற்றாலிங்கம் மூன்று சட்டையையும் இரண்டு பேண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். கோமதிநாயகம் குழாயடியில் போய்த் தன் துணிகளை நனைத்து எடையைக் கூட்டினார்.

பிறகு மெதுவாகப் பயணம் செய்தார்கள். ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்தார்கள். ஒலிபெருக்கியில் மூவர் பெயரையும் மூன்று தடவை சொன்னார்கள். எவ்வளவு மரியாதை என்று மூவரும் மகிழ்ந்தார்கள். வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்று மந்திரமூர்த்தி நோட்டில் எழுதினார். சீக்கிரம் நடந்திருக்கலாமோ என்ற சந்தேகம் குற்றாலிங்கத்துக்கு அப்போதுதான் வந்தது.

எப்படியோ இரண்டு நாள் கழித்து போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஓர் உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார். பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்குள், வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருப்பவர், பெயர் மனுவேல். நம்ம தூத்துக்குடிப் பக்கத்துப் பெயராகவும் இருக்கிறது என்று அவரையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மனுவேல் காலையில் கடற்கரைக்கு நடந்தால் மூவரும் பின்னால் வரிசையாக நடந்தார்கள். அவர் நின்று மூக்கைச் சிந்தினால் மூவரும் சிந்தினார்கள். அவர் முடிவெட்டிக்கொண்ட அன்று மூவரும் வெட்டிக்கொண்டார்கள், குற்றாலிங்கத்துக்கு வெட்ட முடி இல்லாதபோதும். மனுவேல் முதல் வாரம் பயந்தார். இரண்டாம் வாரம் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார். மூன்றாம் வாரத்திலிருந்து காபிக்கடையில் அவரே நாலு காபி சொல்லிவிடுவார்.

கோமதிநாயகம் அங்கே வீட்டை மறக்கப் பெருமுயற்சி செய்தார். எதை மறக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அது சுலபமாக இல்லை. பரமகல்யாணி ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு ஓடுவது கண்முன் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு அழுகையாக வந்தது. மனுவேல் அழாததால் அவரும் அழவில்லை.

இப்படி இரண்டரை மாதம் போனது. ஒருநாள் மனுவேல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பூட்டினார். மூவரும் பையைத் தூக்கிக்கொண்டு பூட்டினார்கள். அவர் விமானம் ஏறினார், இவர்களும் ஏறினார்கள். இறங்கிய இடம் சென்னை மாதிரியே இருந்தது. பிறகு ஒரு ரயில், ஒரு பஸ், ஓர் ஆட்டோ. எங்கோ அருவியில் சாரல் தொடங்கிவிட்டதாக ஆட்டோக்காரர் சொன்னார். அருவி பார்க்க வந்த மனுவேல், வீட்டுச் சாப்பாட்டோடு மாடி அறை கிடைக்கும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துப் பதிவு செய்திருந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் வந்து இறங்கிய கோமதிநாயகம், வாசலில் நின்ற முருங்கை மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என் வீடுவே," என்றார்.

"வீட்ட மறக்கணும்னுலா தீர்மானம் போட்டோம். நீரு மறக்கலியா?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

"மறந்துட்டுதான் இருந்தேன். முருங்கையப் பாத்ததும் ஞாபகம் வந்துட்டு."

"அப்ப திரும்பவும் மறந்துரும். நாங்க நிக்கோம்."

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். மற்ற இருவரும் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள். மனுவேலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார். கண்ணைத் திறந்த கோமதிநாயகம், மறந்துவிட்டது என்று சொன்னார். அதன் பிறகு உள்ளே போனார்கள்.

அவர் போனபிறகு மாடி அறையை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்த பரமகல்யாணி கையில் நோட்டோடு வந்தாள். மனுவேலின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அடுத்து நின்ற கோமதிநாயகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மூச்சுவிடாமல் தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் அதை வாங்கி, அதிலிருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தன நாளு தங்குவிய?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒம்பது மாசமும் பதினோரு நாளும்மா," என்றார் கோமதிநாயகம்.

அவள் எழுதிக்கொண்டாள். மாடிக்கு வழி அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். அவர் நன்றி சொல்லிவிட்டு ஏறினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டு, சோற்றில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றி, இஞ்சித் துவையல் வைத்தாள். மூன்று மாதமாக வாய்க்கு ருசியாக எதுவும் பார்க்காத கோமதிநாயகத்துக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் மனுவேல் இரண்டு வாய் சாப்பிட்டதும் இஞ்சிக் காரத்தில் முகம் சிவந்து, வேர்த்து, இலையைத் தள்ளிவிட்டார். விதியென்றால் விதிதான். கோமதிநாயகமும் இரண்டு வாயோடு இலையைத் தள்ளினார். அவருடைய கண்ணில் நீர் வந்தது, அது காரத்தால் அல்ல.

அப்போது குற்றாலிங்கத்துக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேரத்துக்குச் சந்தேகம் வந்தது. "மனுவேலு அவரு ஊருல உள்ளூர்க்காரரு. இங்க எப்படிவே உள்ளூர்க்காரரு ஆவாரு?" என்றார்.

இலைக்கு முன்னாலேயே கூட்டம் கூடியது. இங்கே உள்ளூர்க்காரர் யார் என்று விவாதித்தார்கள். நாமும் இந்த ஊர்தானே என்று குற்றாலிங்கம் சொல்லிப் பார்த்தார். வருஷம் முடியும்வரை அதை மறந்திருக்கிறோம் என்று மந்திரமூர்த்தி நோட்டைக் காட்டினார். ஆகவே வீட்டுக்கார அம்மாவே உள்ளூர்க்காரர் என்று முடிவானது. பரமகல்யாணி அன்று பசியோடு உட்கார்ந்து இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். மூவரும் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவள் செய்வதையெல்லாம் செய்தார்கள். அவள் வாசல் பெருக்கினால் மூவரும் பெருக்கினார்கள். அவள் காய் நறுக்கினால், துணி துவைத்தால், பாத்திரம் கழுவினால் எல்லாம் அப்படியே. மாவு ஆட்டுவதில் மந்திரமூர்த்தி தேர்ந்துவிட்டார். பரீட்சைத் தாள்களைக்கூட மூவரும் திருத்தினார்கள், பிறகு அவள் அவற்றை மறுபடியும் திருத்தினாள். பரமகல்யாணி தலை உலர்ந்து, நிதானமாகப் பஸ்ஸுக்கு நடந்து போனாள். அவளுக்கு அவசரம் என்பதே இல்லாமல் போய்விட்டது.

மனுவேல் பத்தே நாளில் அருவியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது ரோட்டு முனைவரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மூவரும் போகவில்லை. சென்னை விமான நிலையம், லிஸ்பன், மனுவேலின் ஊர், இந்த வீடு என்று எண்ணிப் பார்த்ததில் நாலு இடம் ஆகியிருந்தது. மந்திரமூர்த்தியின் மனைவி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். கடைத்தெருவில் அவளைக் கண்டால், வெளியூரில் பெண்களை முறைத்துப் பார்க்கக் கூடாது என்று அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவளும் குனிந்துகொள்வாள். அவளுக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கோமதிநாயகம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"உங்க வீட்டுக்காரரு எங்கம்மா?"

"ஊரு சுத்தப் போயிருக்காவ."

"நீங்கதான் போகச் சொன்னியளோ?"

"கோவத்துல ஒரு வார்த்த சொன்னேன். அத அப்படியே கேட்டுட்டுக் கிளம்புவாவன்னு நான் கண்டனா?" என்றாள் பரமகல்யாணி. வெங்காயத்தை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்துட்டாவன்னா போதும்."

"வந்துருவாரும்மா. அவருக்கும் உங்க நெனப்பாத்தான் இருக்கும்," என்றார் கோமதிநாயகம். அவள் கண்ணைத் துடைத்ததால் அவரும் துடைத்துக்கொண்டார். அதில் விதியும் இருந்தது, அவருடைய சொந்தக் கண்ணீரும் இருந்தது.

வருஷம் முடிந்தது. மூவரும் வீட்டுக்கார அம்மாவிடம் முறையாக விடைபெற்று, பைகளோடு பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கத்துப் பஸ் பிடித்துச் சிவந்தியாபுரம் திரும்பினார்கள். கோமதிநாயகம் முருங்கை மரத்தைப் பார்த்தார், வீடு ஞாபகம் வந்தது, ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். பரமகல்யாணி வாங்க என்றாள். அவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காபி கேட்டார்.

காபியைக் குடித்துக்கொண்டே அவர் பயணத்தைப் பற்றிச் சொன்னார். எந்த நாடும் பெரிதில்லை, கடைசியாகத் தங்கிய ஒரு வீடுதான் மனதைவிட்டுப் போகவில்லை என்றார். சாப்பாடு அப்படி, அந்த அம்மா தங்கமான மனுஷி, வீட்டுக்காரர்தான் எங்கேயோ அலைகிறாராம் என்றார்.

"உன்ன ஒருதடவ அங்க கூட்டிட்டுப் போவணும் கல்யாணி. மே மாசம் லீவுதான?"

"போவோம்," என்றாள் பரமகல்யாணி. "நீங்க இல்லாம நான் எங்கயும் இருக்கப்போறதில்ல."

கோமதிநாயகம் பூரித்துப்போனார். உடனே அந்த வீட்டு அம்மாவுக்கு, மே மாதம் எனக்கும் என் மனைவிக்கும் மாடி அறை வேண்டும் என்று கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தார். மூன்றாம் நாள் தபால்காரர் அதைக் கொண்டுவந்து பரமகல்யாணியிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் பதில் எழுதிப் போட்டாள். அந்தப் பதில் வந்த அன்று கோமதிநாயகம் அதை அவளுக்கே சத்தமாக வாசித்துக் காட்டினார். மே மாதம் அறை கிடைக்காது, நானும் என் வீட்டுக்காரரும் வெளியூர் போகிறோம், வீடு பூட்டியிருக்கும் என்று எழுதியிருந்தது.

"அந்த அம்மா வீட்டுக்காரரு ஒருவழியா வந்து சேந்துட்டாரு போல," என்றார் கோமதிநாயகம், கடிதத்தை மடித்துக்கொண்டே. "சந்தோசமா போயிட்டு வரட்டும் கல்யாணி. அவங்க திரும்பி வந்த பொறவு நாம போவோம்."