7919 என்றொரு உயில்

குறுக்கே பேசாமல் கேட்டால் ஐந்து நிமிடக் கதை. மூன்று பேர், ஒரு வீடு, ஓர் எண். அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் சிரில் சார் என்று ஒரு கணக்கு வாத்தியார். லெக் பீஸ் யாருக்கு என்பதைக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு வைத்துத்தான் தீர்ப்பார். அவர் உயிலை மட்டும் மற்றவர்கள் மாதிரி எழுதிவிடுவாரா? அவர் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவருடைய நண்பர் லாரன்ஸ் சார் வாசித்தார்.

“7919 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இதை வகுத்துப் பார்த்து நிரூபிக்கிறவருக்கு வீடு. சந்தேகம் மிஞ்சக் கூடாது. தேவைக்கு மேல் ஒரு வகுத்தலும் கூடாது.”

“செத்தும் பரீட்சை வைக்காரே மனுசன்!” என்றான் இளையவன் ஜெரால்டு.

அவனுக்குக் கோவையில் மாமனார் கொடுத்த வீடு இருக்கிறது. மூத்தவன் அமலதாசுக்குச் சென்னையில் ஃப்ளாட். நடுவில் பிறந்த பிலோமிக்கு இதை விட்டால் வேறு கூரை கிடையாது. பதினோரு வருஷம் அப்பாவுக்குச் சோறு ஊட்டி, மூத்திரப் பை மாற்றியவள். அடக்கத்தன்று அவள் அழவில்லை. இன்றும் இல்லை. பேப்பரை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். அரிசி களைவது போல வகுத்துக்கொண்டே போனாள்.

2, 3, 5, 7, 11 என்று பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். வாத்தியார் பிள்ளைகள், அது மூவருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பிரிந்தார்கள்.

ஜெரால்டு 79-இல் நிறுத்தினான். “நம்பரே 79லதான ஆரம்பிக்கி? இருவத்திரண்டு வகுத்தல். என்னுதுதான் கம்மி.”

பிலோமி அடுத்த பகா எண்ணான 83-ஐயும் பார்த்து நிறுத்தினாள். இருபத்து மூன்று.

அமலதாஸ் அதற்கடுத்த 89-ஐயும் விடவில்லை. இருபத்து நான்கு. “வீட்டு விசயம். ஒண்ணு கூடப் பார்த்தா குடியா முழுகிரும்?”

ஒருவருக்கும் எண் வகுபடவில்லை. “நீ ஏம்மா 83ல விட்ட?” என்று லாரன்ஸ் சார் கேட்டார்.

“அதுக்கு மேல வேண்டாம் சார்” என்றாள்.

கால்குலேட்டரைத் தேடாதீர்கள். பாவம் பார்த்தும் பதில் சொல்லாதீர்கள். உயிலில் உள்ளபடி, வீடு யாருக்கு?

விடை: பிலோமிக்கு. 7919 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், இரண்டுமே 89-ஓ அதற்கு மேலோ இருக்க முடியாது. 89-ஐ 89-ஆல் பெருக்கினால் 7921. அதுவே இரண்டு கூடிவிடுகிறது. ஆகவே ஒன்றாவது 89-க்குக் கீழே இருந்தாக வேண்டும். அமலதாசின் கடைசி வகுத்தல் வீண். 83-ஐ 83-ஆல் பெருக்கினால் 6889தான்; 83-ஐ அதைவிடப் பெரிய எண்ணால் பெருக்கி 7919 வர இன்னும் இடமிருக்கிறது. எனவே அதைப் பார்க்காமல் விட்ட ஜெரால்டிடம் சந்தேகம் மிஞ்சுகிறது. லாரன்ஸ் சார் சாவியைக் கொடுத்தார். பிலோமி அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனிடம், “ஒனக்கு எத்தன மணிக்கு ட்ரெயின்?” என்று கேட்டாள்.