உள்ளே எவ்வளவு இடம்

"கதவைப் பாத்தாலே காலு நின்னுடுது, டீச்சரம்மா" என்றார் பக்கிரிசாமி.

யாருக்கும் கேட்கவில்லை.

பார்க்கின்சன் நோய் வந்த இந்த நான்கு வருடத்தில் காலோடு சேர்ந்து அவருடைய குரலும் சுருங்கிப் போயிருந்தது. இத்தனைக்கும் மயிலாடுதுறை டவுன் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் அவர் முன்படியில் நின்று கத்தினால் பின்படியில் தொங்குகிறவன் இறங்கி ஓடுவான்.

ரிஸ்வானா அருகில் வந்து காதைக் கொடுத்தாள். அவருக்கு நடைப்பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட். அவர் மகளைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் குரு குருதான். பயிற்சி அறைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவர் மறுபடியும் சொன்னார். பன்னிரண்டு நாளில் மகள் தமயந்திக்குக் கல்யாணம். மண்டபத்துக்குள் தன் காலால் நடந்து போய்ப் பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை. மச்சினனோ, எதற்கு வம்பு என்று சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

"தரையில டேப் ஒட்டிக் குடுத்தேனே. கோட்டைத் தாண்டித் தாண்டி நல்லாத்தானே நடந்தீங்க?"

"இங்க நடக்குறேன். மண்டபத்து வாசல்ல டேப் ஒட்டுனா சம்பந்தி என்ன நெனப்பாரு?"

நியாயமான கேள்விதான்.

ரிஸ்வானா எழுந்து போய் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

பயிற்சி முடிந்துவிட்டது போல என்று பக்கிரிசாமியும் வெளியே போக எழுந்து வந்தார். வாசலுக்கு ஒரு முழம் முன்னால் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டன.

"வழி விடுங்க, டீச்சரம்மா."

அவள் நிமிரவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கங்க."

"கேக்கல" என்றாள், போனைப் பார்த்தபடியே.

அவருக்குச் சுருக்கென்றது. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தவர். உள்ளே பாதி பஸ் காலியாகக் கிடக்கும், இவர்கள் வழியை அடைத்துக்கொண்டு காற்று வாங்குவார்கள். நல்லவிதமாகச் சொன்னால் காதில் ஏறாது.

"வழியில நிக்காத! போ, போ, உள்ள போ. உள்ள எவ்வளவு எடம் கெடக்கு!"

பக்கத்து அறையில் யாரோ தம்ளரைக் கீழே போட்டார்கள்.

ரிஸ்வானா பின்னால் நகர்ந்தாள், விழுந்தால் பிடிக்கத் தயாராக. ஒவ்வொரு 'போ'வுக்கும் ஓர் எட்டு வைத்து அவர் துரத்திக்கொண்டே வந்தார். திட்டி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். வாசல் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பக்கிரிசாமி சிரித்தார். நோய் இறுக்கி வைத்திருந்த அந்த முகம் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னைய எப்படி நடக்க வச்சீங்க?"

"நான் எங்க நடக்க வச்சேன்? வழிய அடைச்சுக்கிட்டுல்ல நின்னேன்."

அதற்குப் பிறகு தினமும் அந்த வாசலில் இதே சண்டைதான். எட்டு பெரிதாக விழ வேண்டும், குரல் தெருமுனைக்குக் கேட்க வேண்டும் என்பாள். தெருமுனை டீக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று ரிஸ்வானாவுக்கு பஸ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. அவள் வந்து சேர்ந்தபோது உள்ளே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலுக்கு உட்புறம் சக்கர நாற்காலி தெரிந்ததும் மச்சினன் சொன்னதையே செய்துவிட்டார் என்று நினைத்தாள்.

கிட்டே போய்ப் பார்த்தாள். நாற்காலி நிறையத் தாம்பூலப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அவள் அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது.

மேளத்தையும் மீறி மணமேடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சரம்மா, வழியில நிக்காதீங்க. உள்ள எவ்வளவு எடம் கெடக்கு."