கல்லைப் பார்க்காத மூன்று பக்கங்கள்

மருதங்குளத்தில் எல்லோரிடமும் கைபேசி இருந்தது. ஆமை தன்னுடையதை ஓட்டுக்குள் வைத்திருந்தது. தவளை தாமரை இலையில் சாய்த்து வைத்திருந்தது. கெண்டை மீன் நீர் புகாத உறை போட்டுப் பாசிக்குள் செருகியிருந்தது.

எல்லாக் கைபேசியிலும் ஒரே செயலி. அதன் பெயர் ‘கோடு’. அதைச் செய்தது கரையோர மருதமரப் பொந்தில் இருந்த சிலந்தி.

குளத்தின் நடுவே ஒரு கல் நின்றது. அதில் ஏழு கோடுகள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதுதான் அந்தக் குளத்தின் பெரிய செய்தி. ஏழில் நின்றால் தவளை கவலையில்லாமல் பாடலாம். நான்குக்கு இறங்கினால் ஆமை சேற்றில் குழி தோண்ட வேண்டும். இரண்டுக்கும் கீழே போனால், ஆற்றுக்குப் போகும் வாய்க்கால் துண்டாகிவிடும். அதற்குள் கெண்டை தன் குஞ்சுகளோடு கிளம்பியாக வேண்டும்.

கல்லின் உச்சியில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. தினமும் காலையில் கோட்டைப் பார்த்து, எண்ணைச் செயலியில் போடுவது அதன் வேலை. ஆமைக்கு ஒரு பக்கம், தவளைக்கு ஒரு பக்கம், கெண்டைக்கு ஒரு பக்கம் என்று செயலியில் மூன்று பக்கங்கள். மூன்றிலிருந்தும் ஒவ்வொரு நூல் நேராகக் கல்லின் எண்ணுக்குப் போனது. அந்த எண் மாறினால் மூன்று பக்கங்களும் தாமாகவே மாறும். யாரும் யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

எண்ணுக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டியும் வைத்திருந்தது சிலந்தி. ஆனால் அதை எந்தப் பக்கத்தோடும் இணைக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

சிலந்தி தனியாகத்தான் வேலை செய்தது. அதன் குலத்தில் செயலி செய்த முதல் சிலந்தி அதுதான். ‘இது சரியா?’ என்று காட்டிக் கேட்க அதற்கு ஒருவரும் இல்லை. யாராவது நன்றாக இருக்கிறது என்றால், இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். யாராவது முகம் சுளித்தால் நான்கு நாள்.

கோடை தொடங்கியது. தண்ணீர் ஏழிலிருந்து ஆறுக்கு வந்தது. பிறகு ஐந்துக்கு வந்தது.

தவளை மரத்தடிக்கு வந்து கூப்பிட்டது.

“சிலந்தி! கொஞ்சம் கீழே இறங்கி வா! நேற்று ஆறு என்றது, இன்று ஐந்து என்கிறது. அந்தக் குருவி பேச்சை எல்லாமா நம்புவது? பருந்து வந்தாலும் கத்தும், மேகம் வந்தாலும் கத்தும்!”

“எண்ணைச் சரியாகத்தான் போடுகிறது, தவளையண்ணே.”

“எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஆமையார் நிதானமானவர். அவர் பக்கத்தில் என்ன எண் இருக்கிறதோ, அதுவே என் பக்கத்திலும் வரட்டும்!”

சிலந்தி தயங்கியது. “ஆமையார் பக்கமும் குருவி போடும் எண்ணைத்தானே எடுக்கிறது?”

“எடுக்கட்டுமே! அவர் வழியாக வந்தால் எனக்கு நம்பிக்கை. உன்னால் முடியாது என்றால் சொல்லிவிடு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்!”

வேறு ஆள் என்றதும் சிலந்தி வேலையில் இறங்கியது. கல்லுக்குப் போன தவளையின் நூலை அறுத்து, ஆமையின் பக்கத்தில் கட்டியது.

மத்தியானம் ஆமை வந்தது. “தவளைக்கு ஏதோ மாற்றிக் கொடுத்தாயாமே? எனக்கும் அந்தக் கத்தல் குருவி வேண்டாம். பொழுதெல்லாம் தண்ணீரிலேயே கிடப்பவள் கெண்டைதான். அவள் பக்கத்தில் இருப்பதை என் பக்கத்தில் போடு.”

சிலந்தி அந்த நூலையும் மாற்றியது.

சாயங்காலம் கெண்டையிடமிருந்து செய்தி வந்தது. “சிலந்தியக்கா, எல்லோரும் மாற்றிக்கொண்டார்களாமே! தவளையண்ணன் கரையையும் பார்க்கிறார், தண்ணீரையும் பார்க்கிறார். என் பக்கம் அவர் பக்கத்தைப் பார்க்கட்டும்.”

சிலந்தி களைத்திருந்தது. கேட்டதைச் செய்தது.

“ரொம்ப நன்றாக இருக்கிறது!” என்று மூன்று பேரும் எழுதினார்கள். சிலந்தி அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தது. அன்று மூன்று பக்கங்களிலும் ஐந்து என்று இருந்தது.

அடுத்த நாளும் ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து.

“பார்த்தாயா? குருவியை விலக்கியதும் தண்ணீர் இறங்கவே இல்லை!” என்றது தவளை.

ஒன்பது நாள் கழிந்தது. கோடை வெயில் குளத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஆமைக்கு நடக்கும் தூரம் கூடியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டது. தவளை உட்காரும் இலை சேற்றில் கிடந்தது. இலைக்கு ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டது. ஒருவரும் கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலேயே எண் இருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

பத்தாம் நாள் காலையில் கெண்டை எழுதியது.

“அக்கா, கைபேசி ஐந்து என்கிறது. ஆனால் என் முதுகில் வெயில் சுடுகிறதே?”

சிலந்தி கெண்டையின் பக்கத்தைத் திறந்தது. ஐந்து. ஆமையின் பக்கத்தைத் திறந்தது. ஐந்து. தவளையின் பக்கத்திலும் ஐந்து. மூன்றும் ஒன்றாகச் சொன்னால் தவறாக இருக்குமா?

“எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கெண்டையம்மா,” என்று பதில் எழுதியது.

எழுதிவிட்டாலும் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. வலையில் ஓர் ஈ விழுந்தது. அதைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வெயில் சுடுகிறதாம். ஐந்து கோடு தண்ணீர் இருந்தால் எப்படிச் சுடும்?

உச்சி வேளையில் சிலந்தி கெண்டையின் நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அது தவளையின் பக்கத்துக்குப் போனது. அங்கிருந்து நூல் ஆமையின் பக்கத்துக்குப் போனது. அங்கிருந்து மறுபடி கெண்டையின் பக்கத்துக்கே வந்தது.

சிலந்தி இன்னொரு முறை சுற்றி வந்தது. மறுபடியும் அதே இடம்.

மூன்று பக்கங்களும் ஒன்றை ஒன்று பார்த்து ஐந்து, ஐந்து என்று சொல்லிக்கொண்டிருந்தன. கல்லுக்கு ஒரு நூல்கூடப் போகவில்லை. கட்டியது வேறு யாருமல்ல, அதுவேதான்.

சிலந்தி அவசரமாகக் கல்லின் எண்ணைத் திறந்தது. இரண்டு.

கீழே குறிப்புப் பெட்டி நிறைந்திருந்தது. குருவி தினமும் எழுதியிருக்கிறது.

‘ஐந்து கோடு. காற்று பலமாக இருக்கிறது.’

‘நான்கு. ஆமையார் இன்னும் குழி தோண்டவில்லையே?’

‘நான்கு. கத்திப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.’

‘மூன்று. கெண்டையம்மா இன்னும் கோரைப்புல் பக்கமே இருக்கிறார். யாராவது சொல்லுங்கள்.’

‘மூன்று. யாராவது இதைப் படிக்கிறீர்களா?’

‘மூன்று. யாராவது இருக்கிறீர்களா?’

கடைசிக் குறிப்பு அன்று காலையில் எழுதியது. ‘இரண்டு.’ அவ்வளவுதான்.

 சிலந்திக்கு உட்கார்ந்து வருந்த நேரமில்லை. மூன்று நூல்களையும் அறுத்தது. ஒவ்வொன்றையும் நேராகக் கல்லில் கட்டியது.

மூன்று கைபேசிகளும் ஒரே நொடியில் ஒலித்தன.

ஐந்து இரண்டாக மாறியது. கெண்டையின் திரை சிவந்தது. ‘வாய்க்கால் மூடப்போகிறது. கிளம்பு!’

“என்ன கூத்து இது!” என்று தவளை குதித்தது. “ஐந்திலிருந்து நேரே இரண்டா? போகாதே கெண்டை! மறுபடி ஐந்துக்கு வந்துவிடும், பொறு!”

ஆமை தலையை நீட்டியது. “அந்தக் குருவிதான் தப்பாகப் போட்டிருக்கும். என்ன சிலந்தி, அப்படித்தானே?”

 சிலந்தி ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி குருவியின் மேல் போய்விடும். குருவி மறுத்துக் கத்தினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? தன் பெயர் கெடாது. நாளைக்கும் எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவார்கள். ஆனால் கெண்டை கிளம்ப மாட்டாள்.

“இல்லை!” என்றது சிலந்தி. “குருவி ஒருநாளும் தப்பாகப் போடவில்லை. நூல்களை வட்டமாகக் கட்டியது நான். தப்பு என்னுடையது. கெண்டையம்மா, கைபேசியைப் பார்ப்பதை விடுங்கள்! தலையைத் தூக்கிக் கல்லைப் பாருங்கள்!”

கெண்டை தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாம் கோடு ஈரமாக மின்னியது. தண்ணீர் அதற்கும் கீழே நழுவிக்கொண்டிருந்தது.

“குஞ்சுகளே, என் பின்னால் வாருங்கள்!” என்று கெண்டை பாய்ந்தது.

கோரைப்புல்லிலிருந்து வாய்க்கால்வரை எங்கும் சேறு. எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் மேடு என்று தெரியவில்லை. அப்போது தலைக்கு மேலே ஒரு கத்தல் கேட்டது.

“இடப்பக்கம்! இடப்பக்கம்! நேரே போகாதே, மேடு! இப்போது திரும்பு!”

ஆட்காட்டி வாய்க்கால்வரை பறந்து பறந்து வழி சொன்னது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கெண்டை போனது. குஞ்சுகள் வெள்ளிக் கம்பிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியில் வந்த சில குஞ்சுகளுக்குத் தண்ணீர் போதவில்லை. அவை சேற்றிலேயே தங்கிவிட்டன. சிலந்தி மரத்திலிருந்து அதைப் பார்த்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் ஆற்றிலிருந்து ஒரு செய்தி வந்தது.

“சிலந்தியக்கா, ஆற்றுக்கு வந்துவிட்டேன். எல்லோரும் வரவில்லை. பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். இனி எனக்கு அந்தக் குளத்தின் எண் வேண்டாம். என் நூலை எடுத்துவிடுங்கள். நான் ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று குருவியிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அது எனக்காகக் கத்திக்கொண்டே இருக்கும்.”

சிலந்தி கெண்டையின் நூலை அவிழ்த்துச் சுருட்டி வைத்தது. பக்கம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

ஆமை குழி தோண்டப் போயிற்று. தவளை கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை. குளத்தில் சத்தமே இல்லை. கல்லில் குருவி எண்ணைப் போட்டது. ஒன்று. கீழே பழக்கத்தில் எழுதியது. ‘யாராவது இருக்கிறீர்களா?’

குறிப்புப் பெட்டியிலிருந்து ஒரு புது நூல் மருதமரத்துக்குப் போயிருந்தது. அது அதிர்ந்தது.

“இருக்கிறேன்,” என்று எழுதியது சிலந்தி. “கெண்டையம்மா ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். உன்னிடம் சொல்லச் சொன்னார். ஒன்பது நாள் நீ எழுதியதைப் படிக்காமல் விட்டது நான்தான். மன்னித்துவிடு.”

 குருவியின் பதில் வந்தது.

“எங்கே இருக்கிறாய்?”

“மருதமரம். தெற்குப் பக்கப் பொந்து.”

குருவி தலையைத் திருப்பிப் பார்த்தது. பொந்தின் வாயில் ஒரு நூல் வெயிலில் மின்னியது.

“இத்தனை பக்கத்திலா இருந்தாய்!” என்றது குருவி.

ஊரெல்லாம் ஒரே பேச்சைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று நேரே போய்ப் பார்க்க வேண்டும். நமக்காகத் தினமும் சொல்லிக்கொண்டிருப்பவரைப் பதில் இல்லாமல் தனியே விடக் கூடாது.