வீட்டைவிட்டுப் போகாமலே தலைநகரம் போனவர்கள்

ராஜாக்கள் குதிரைமேல் உயிரை வைத்திருந்த காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். கொன்றைநாட்டில் ஒரு சிற்றூர். அங்கே சாத்தையன் என்று ஒரு மாட்டு வைத்தியர் இருந்தார்.

ஒருநாள் ராஜாவின் ஆள் வந்தான். "தலைநகரத்துக் குதிரை லாயத்துக்கு வைத்தியராக வாரும். இங்கே மாதம் ஒரு மூட்டை நெல்தானே? அங்கே மூன்று மூட்டை. நாலாம் நாள் வருகிறேன், முடிவைச் சொல்லும்" என்றான்.

சாத்தையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஒன்றுக்கு மூன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார்.

அவர் மனைவி ஆவடையோ கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள். போனால் போனதுதான். ஊருக்கு வேறு வைத்தியர் வந்துவிடுவார். வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்துவிடும். பிடிக்காவிட்டால் திரும்பி எங்கே வருவது? ஆனால் வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற மனிதரா அவர்?

"சரி, இன்றைக்கே போவோம்" என்றாள். "மூன்று நாளைக்கு இந்த வீடுதான் தலைநகரம். மூன்று மூட்டைக் கணக்கில் மூன்று நாளைக்கு உண்டான நெல்லை எடுத்து வைப்போம். அங்கே நமக்கு யாரையும் தெரியாது. அதனால் இங்கேயும் தெரியாது."

"உனக்குக் கிறுக்குத்தான். சரி, உன் ஆசைக்கு" என்றார் சாத்தையன்.

முதல் நாள் காலையில் அடுப்பில் நெருப்பில்லை. தினமும் பக்கத்து வீட்டு மூக்காயியிடம்தான் கங்கு வாங்குவார்கள். இப்போது கேட்க முடியாதே. தீ உண்டாக்கக் கட்டையைக் கடைந்து கடைந்து சாத்தையனுக்குக் கை கொப்பளித்தது. உச்சிப்பொழுதில்தான் கஞ்சி. தலைநகரத்தில் காடு ஏது, காட்டுச் சுள்ளியும் கூடாது என்று, நெல் கொடுத்து விறகு வாங்கினார்கள்.

இரண்டாம் நாள் மூக்காயி மோர்ச் செம்போடு வந்தாள்.

"அக்கா, நாங்கள் வெளியூரில் இருக்கிறோம்" என்றாள் ஆவடை.

"அடியே, என் எதிரில் நின்றுகொண்டா? உன் புருசன் மாட்டு மருந்தை உனக்குக் கலக்கிக் கொடுத்துவிட்டாரா?"

மோர் திரும்பிப் போனது. வேலிக்கீரையையும் தொடவில்லை. மோருக்கும் கீரைக்கும் நெல் போனது.

மூன்றாம் நாள் ஆவடைக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. மேலத்தெருவில் ஒரு பசு ஈன முடியாமல் கிடந்தது. குழந்தையை யாரிடம் விடுவது? இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடினார் சாத்தையன். பசு உதைத்த உதை குழந்தையின் தலையை மயிரிழையில் தவறியது. கன்று பிழைத்தது. குழந்தை வீறிட்டு அழுதது. வீட்டுக்கு வந்தால் அடுப்பும் அணைந்து கிடந்தது, எடுத்து வைத்த நெல்லும் தீர்ந்திருந்தது.

சாத்தையன் பாயருகே உட்கார்ந்தார். "ஆவடை, நம் ஊருக்கே திரும்பிவிடுவோமா?"

"வண்டிகூட வேண்டாம். வேலிப்பக்கம் நின்று ஒரு குரல் கொடுங்கள்."

குரல் கொடுத்தார். மிளகுக் கஷாயத்தோடு வந்த மூக்காயி, "தலைநகரத்தில் மழை உண்டா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் ராஜாவின் ஆள் வந்தான். நான் வரவில்லை என்றார் சாத்தையன். ராஜாவுக்குக் கோபம் வருமோ என்று ஆவடை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றாள்.

"வராதவர்மேல் ராஜாவுக்குக் கோபமில்லை" என்றான் அவன். "வந்துவிட்டு ஓடிப்போகிறவர்மேல்தான். முன்னே அப்படி ஓடிப்போன வைத்தியரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்."

அவன் குதிரை தெருமுனை தாண்டியதும் ஆவடை மூச்சை விட்டாள். அன்றைக்குத்தான் இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

ஆகவே, வேலைக்காக ஊர் மாறுகிறவர், இங்கே கேட்காமலே கிடைப்பதற்கெல்லாம் அங்கே என்ன கொடுக்க வேண்டிவரும் என்று முதலில் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.