கனடா வரைக்கும் மணத்த ஆப்பிள் பட்டர்

மாதேஸ்வரன் சார் பொய் சொல்ல மாட்டார். நடந்ததைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார், அவ்வளவுதான். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பூனை நடந்தால், அவர் படியிறங்கி வருவதற்குள் அது சிறுத்தையாகியிருக்கும். தெருமுனை டீக்கடைக்குப் போவதற்குள் அந்தச் சிறுத்தைக்கு ரெண்டு குட்டியும் பிறந்து, ரெண்டும் இவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சேலம் டவுனுக்கே தன் ஆள்காட்டி விரலால் வெளிச்சம் கொடுத்ததாக இன்றைக்கும் நினைப்பு. போன மாதம்தான் அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். பூனையையே சிறுத்தையாக்குகிறவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் பேச வேண்டியிருந்தது அமெரிக்காவைப் பற்றி அல்ல, ஆப்பிளைப் பற்றி.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் செலவு முழுக்க பழமண்டி குப்புராஜ் அண்ணன்தான் ஏற்றுக்கொள்வார். இந்த வருஷம் அவருக்குப் பக்தி முற்றிப்போய், பந்தலோடு பெட்டி பெட்டியாக ஆப்பிளும் அனுப்பிவிட்டார். பிள்ளையாரை ஏரியில் கரைத்துவிட்டோம். ஆப்பிள் கரையவில்லை. வீடு வீடாகக் கொடுத்தோம். முதல் நாள் வாங்கினார்கள், இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் நான் பையோடு படியேறினால் மேலே ஒவ்வொரு மாடியாகக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் ஆப்பிள் ரசம் வைத்துப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்காரர் அப்போது போனவர், இன்னும் ஹோட்டலில்தான் சாப்பிடுகிறார்.

மிச்சம் ஒரு பெரிய பெட்டி சங்க அறையில் சுருங்கிக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தவுடன் அழுகல் வாசனை மூக்கில் ஏறினால் அடுத்த வருஷம் பந்தலும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. பழி முழுக்க என் தலையில், ஏனென்றால் நான்தான் செயலாளர். நானாகக் கேட்டு வாங்கிய பதவி அல்ல. "யார் செயலாளர் ஆக விரும்புறீங்க?" என்று கேட்ட நேரத்தில் தலை சொறியக் கையைத் தூக்கியவன் நான்.

கூட்டத்துக்கு வந்தது மூன்றே பேர். நான், கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெனடிக்ட் சார், இரண்டாம் மாடியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற ஷமீமா. நாலாவதாக, கூப்பிடாமலே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார் மாதேஸ்வரன் சார்.

"ஜாம் மாதிரி எதாச்சும் காய்ச்சிடலாங்களா?" என்றாள் ஷமீமா.

மாதேஸ்வரன் சார் தொண்டையைக் கனைத்தார். பெனடிக்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜாமா? அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்மா. ஆப்பிள் பட்டர் போடுங்க. மிச்சிகன்ல நான் போட்ட ஆப்பிள் பட்டரப் பத்தி இன்னைக்கும் பேசிட்டிருக்காங்க."

"யாருங்க பேசறாங்க?" என்றார் பெனடிக்ட் சார், கண்ணைத் திறக்காமல்.

"யாரு பேசலன்னு கேளுங்க."

ஆப்பிள் பட்டர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஷமீமாதான் சொன்னாள். ஆப்பிளை நாள் பூரா மெதுவாக வேகவைத்து, மசித்து, கறுப்பாகச் சுண்டவைத்து, ரொட்டியில் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவருவதாம். பேரில்தான் பட்டர், உள்ளே ஒரு துளி வெண்ணெய் கிடையாது. மாதங்கணக்கில் ஃபிரிட்ஜில் இருக்கும். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், எங்கிட்ட கரண்ட்டுல மெதுவா வேகவெக்கற பெரிய ஸ்லோ குக்கர் ரெண்டு இருக்குதுங்க. ஆசப்பட்டு வாங்கிட்டு சும்மாதான் கெடக்குது. ஆனா அதுல வெச்சா தண்ணி விட்டுக் கொழகொழன்னு போயிடுமோன்னு பயம். மூடிய கடைசி வரைக்கும் மூடியே வெக்கணுங்களா, தொறந்து வெக்கணுங்களா? அத மட்டும் சொல்லுங்க, நான் செஞ்சுடறேன்."

நானும் நிமிர்ந்தேன். என் மானம் மரியாதை எல்லாம் அந்த ஒரு மூடியில்தான் இருந்தது.

"மூடிதானே? சொல்றேன்," என்றார் மாதேஸ்வரன் சார். "அதுக்கு முன்னாடி தோலப் பத்திச் சொல்லணும்."

"வேண்டாங்க சார்."

"கேளும்மா. ஒரு மூட்ட ஆப்பிள். தோட்டத்துலருந்து நானே பறிச்சது. பறிச்சதுன்னு சொல்லக் கூடாது, நான் மரத்துக்கடியில போய் நின்னேன், அதுவா எறங்கி வந்துச்சு. கத்திய எடுத்தேன். முதல் ஆப்பிள்ல வெச்ச கத்திய கடைசி ஆப்பிள்லதான் எடுத்தேன். மூட்ட பூரா ஒரே தோல்."

"ஒரு ஆப்பிள்லருந்து இன்னொரு ஆப்பிளுக்குத் தோல் எப்படிங்க ஒட்டிக்கிட்டு வரும்?" என்றார் பெனடிக்ட் சார்.

"அதான் சார் கை பக்குவம். அந்தத் தோல வாசல்ல போட்டேன். தெருவச் சுத்தி வந்து மறுபடியும் எங்க வாசலுக்கே வந்துடுச்சு. அன்னைக்கு எதுத்த வீட்டுல கல்யாணம். தோரணத்துக்கு ஆள் தேடிட்டிருந்தாங்க. எடுத்துக் கட்டிக்கிட்டாங்க. மிச்சத்த மாப்பிள்ள தோட்டத்துக்கு வேலி போட்டுட்டாரு."

"நல்லதுங்க. மூடி?" என்றாள் ஷமீமா.

"வர்றேன். ஆப்பிள நறுக்கிப் போட்டாச்சு. சக்கர போட்டாச்சு. பட்ட, கிராம்பு போட்டாச்சு."

"சக்கர எவ்வளவுங்க?"

"அளவெல்லாம் கத்துக்குட்டிங்க பாக்கறது. நான் குக்கரப் பாத்தேன், குக்கர் என்னையப் பாத்துச்சு, போதும்னு தோணுச்சு, நிறுத்திட்டேன். அப்புறம் பிளக்க மாட்டி சுவிட்சப் போட்டேன். சுவிட்ச் போடறதப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், இல்லீங்களா? போட்டு அர மணி நேரம் ஆகியிருக்காது, வாசன கெளம்புச்சு பாருங்க."

"கெளம்பட்டுங்க," என்றார் பெனடிக்ட் சார். "எது வரைக்கும் போச்சு?"

"முதல்ல பக்கத்து வீடு. அப்புறம் மெயின் ரோடு. ரோட்டுல போற காரெல்லாம் அப்பிடியே நின்னுடுச்சு. போலீஸ் வந்துச்சு. வந்த போலீசும் தொப்பியக் கழட்டிட்டு மோந்துட்டு நின்னுடுச்சு. எம் பொண்ணு வீட்டுக்குப் பின்னாடி ஏரி. ஏரிக்கு அந்தக் கரை கனடா. நாலு மணிக்குப் பாத்தா, கனடாக்காரன் பூரா கையில ஆளுக்கொரு ரொட்டியோட தண்ணியில எறங்கி வந்துட்டிருக்கான்."

"பாஸ்போர்ட் இருந்துச்சுங்களா?"

"அங்கதான் சிக்கல். அதிகாரிங்க ஓடி வந்து தடுத்தாங்க. ரெண்டு நாட்டுக்கும் சண்ட வர்ற மாதிரி ஆயிடுச்சு. நான்தான் கரையில நின்னு, ரொட்டிய நீட்டுங்க, தடவி அனுப்பறேன்னு சமாதானம் பண்ணேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெட்டியில் ஆப்பிள் நிமிஷத்துக்கு நிமிஷம் அழுகுகிறது. இவர் இங்கே ரெண்டு வல்லரசுகளுக்கு நடுவில் கரண்டியோடு நிற்கிறார். "சார், மூடியத் தொறந்தாத்தானே தடவ முடியும்? அப்பத் தொறந்தீங்களா?" என்று நானே கேட்டேன்.

"தொறக்கலியே! மூடியத் தொறந்தா ஆவி போயிடும். நாற்காலியப் போட்டு முன்னாடியே உக்காந்துக்கிட்டேன். எம் பொண்ணு வந்தா, விடல. மாப்பிள்ள வந்தாரு, விடல. பேரன் தவழ்ந்து வந்தான், அவனையும் விடல. சாயங்காலந்தான் தொறந்தேன்."

"தொறக்காமயே கனடாவுக்குத் தடவி அனுப்பிட்டீங்க."

"குறுக்க பேசாதீங்க. தொறந்தா, பதம்னா பதம்! கரண்டிய விட்டேன், நட்டுக்கிட்டு நின்னுடுச்சு. மாப்பிள்ள புடிச்சு இழுத்தாரு. கரண்டி வரல, குக்கர் வந்துச்சு. இன்னும் இழுத்தாரு, சமையல் மேடையே பேந்து வந்துச்சு. வீடு கொஞ்சம் சாஞ்சதும், போதும் விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்."

"வீடு வாடகைங்களா, சொந்தமுங்களா?" என்று பெனடிக்ட் சார் அக்கறையாக விசாரித்தார்.

"சொந்தம். இப்ப அந்த ஊர்ல ரோட்டுல பள்ளம் விழுந்தா எம் பொண்ணுக்குத்தான் போன் வருது, அப்பா போட்டதுல ஒரு கரண்டி இருக்குதான்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் கூட விடுங்க. பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளக்காரம்மா. தொண்ணூறு வயசு. நாலு கால் கம்பி புடிச்சுக்கிட்டு நடக்கும். பாவமாச்சேன்னு ஒரு கரண்டி குடுத்தேன். நக்குச்சு. கம்பியத் தூக்கிப் போட்டுட்டு மாடிப்படி ஏறுச்சு. ரெண்டாவது கரண்டி குடுத்தேன். முடி கறுத்துடுச்சு."

"அவங்களுக்கு முடி எப்பவுமே கறுப்பா இருந்திருக்காதுங்களே?" என்றாள் ஷமீமா. "வெள்ளக்காரம்மாங்கறீங்க."

"அதான் பட்டரோட வேகம்! மூணாவது கரண்டியில பால் பல்லு மொளச்சுடுச்சு. மறுநாள் பள்ளிக்கூடத்துல சேக்க கூட்டிட்டுப் போனாங்க. நல்லவேள, நான் அதோட நிறுத்திட்டேன். நாலாவது கரண்டி குடுத்திருந்தா தொட்டில் வாங்க வேண்டியிருந்திருக்கும்."

பெட்டிக்குள் ஏதோ ஒரு ஆப்பிள் அமுங்கி உட்கார்ந்த சத்தம் கேட்டது. நாங்கள் இருக்கிற நிலைமைக்கு அதுவாவது உண்மையைச் சொன்னதே என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு பூங்கோதை அக்கா நின்றுகொண்டிருந்தார். மாதேஸ்வரன் சாரின் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. ஷமீமா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. சார் செஞ்ச ஆப்பிள் பட்டருக்கு மூடி மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

"மூடிதான் இருந்துச்சு," என்றார் அக்கா. "இவருதான் யாரையும் கிட்ட விடலியே."

மாதேஸ்வரன் சார் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அந்த ஊர்ல பிளக்கு மாட்டற எடத்துலயே சுவிட்ச் இருக்காது," அக்கா நிதானமாகத் தொடர்ந்தார். "செவுத்துல தள்ளி ஒண்ணு இருக்கும். மேல தள்ளியிருந்தா ஆன், கீழ தள்ளுனா ஆஃப். நம்மூருக்கு நேர் மாறு. அது ஏற்கெனவே மேலதான் இருந்துச்சு. இவரு பாத்துட்டு, எவனோ ஆஃப் பண்ணி வெச்சிருக்கான்னு கீழ தட்டிட்டு வந்து நாற்காலியில உக்காந்துட்டாரு. காத்தாலருந்து சாயங்காலம் வரைக்கும் வேகாத ஆப்பிளுக்குக் காவல்."

பெனடிக்ட் சார் அன்று முதல் முறையாகக் கண்ணை முழுசாகத் திறந்தார்.

"அப்ப கனடாக்காரங்க?"

"கனடாக்காரங்களாவது! தொறந்தா ஆப்பிள் அப்பிடியே இருக்குது, நெறம் மட்டும் கறுத்துப் போயி. எம் பொண்ணு கொல்லையில கொட்டுனா. ஒரு மான் வந்துச்சு. மோந்து பாத்துச்சு. போயிடுச்சு."

வாழ்நாள் முழுக்கக் கரண்ட்டோடு குடும்பம் நடத்திய மனுஷர். அவர் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐயோ பாவம் என்று நினைத்தேன். அவர் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை.

"நான் இவ்வளவு நேரமா வேற என்ன சொல்லிட்டிருக்கேன்?" என்று எழுந்து நின்றார். "கரண்ட்டே இல்லாம அந்த வாசன! கரண்ட் மட்டும் இருந்திருந்தா கனடா கெதி என்னாயிருக்கும்? அந்தக் கனடாக்காரங்க நல்லதுக்குத்தான் கீழ தட்டுனேன்!"

"மாத்திரையப் போடுங்க," என்றார் அக்கா.

பிறகு ஷமீமாவிடம் திரும்பினார். மறுநாள் மகள் புதிதாகப் போட்டாளாம், அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாராம். "மசியற வரைக்கும் மூடி வெய்யி. மசிச்சதும் மூடியக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுடு, தண்ணி ஆவியாப் போயிடும். ஆறுன தட்டுல ஒரு சொட்டு வெச்சுப் பாரு. சுத்தித் தண்ணி கசியாம நின்னா பதம். ஆப்பிளே இனிப்பு, சக்கர கொஞ்சமாப் போதும்." அவ்வளவுதான். மாதேஸ்வரன் சார் ஒரு மாலை முழுக்க எடுத்துக்கொண்ட விஷயத்தை அக்கா டம்ளரில் தண்ணீர் காலியாவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அழுகலை வெட்டி எறிந்துவிட்டு, நாலு நாள் ஈடு ஈடாகப் போட்டாள் ஷமீமா. சங்க அறையில் ரெண்டு குக்கரும் ஓடின. குழந்தைகள் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததால் காவலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு அனுபவசாலி ஒருவர்தான் இருந்தார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஈயைக்கூட அவர் கிட்ட விடவில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் அண்ணன் வந்தார். அறை முழுக்கப் பட்டை, கிராம்பு வாசனை. ரொட்டியில் தடவிக் கொடுத்தோம். ஒன்று தின்றார், இன்னொன்று கேட்டார், மூன்றாவதை யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வருஷப் பந்தல் கண்ணெதிரே எழுந்து நின்றது.

"யாருங்க செஞ்சது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இது என்னங்கண்ணா, ஒரு பெட்டிதானே? மிச்சிகன்ல நான் ஒரு தோட்டத்தையே ஒரு குக்கர்ல அடக்கியிருக்கேன். இந்தக் கைக்கு லாரி லாரியா வந்தாலும் பத்தாது!"

குப்புராஜ் அண்ணன் அப்படியே உருகிப்போய்விட்டார். வியாபாரி ஆயிற்றே, உடனே போனை எடுத்தார். மண்டியில் அடிபட்ட ஆப்பிள் விலை போகாமல் ஒரு லாரி நிற்கிறதாம். "கடவுளாப் பாத்து உங்களக் காட்டிட்டாருங்க. சாயங்காலமே அனுப்பிடறேன். சங்க அறையில எறக்கிக்கறீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் கையைத் தூக்கவே இல்லை. நான் வாய் திறப்பதற்குள் மாதேஸ்வரன் சார் தலையாட்டிவிட்டார்.

"எறக்குங்க தம்பி," என்றார் பூங்கோதை அக்கா குப்புராஜ் அண்ணனிடம், ரொட்டியைக் கடித்தபடி. "இவரே பாத்துக்குவாரு. சுவிட்ச மட்டும் வேற யாராச்சும் போட்டுடுங்க."