எதிர்க்கடை முடிச்சு

வேதரத்தினம் ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியர். வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு ஞானாம்பாளுக்கு நாற்பதுதான். ஊரார் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒருநாள் காலை முகம் வாடிப்போய் வந்தார்.

“அம்மா, வளையல்காரத் தெருவை இடிச்சு அகலமாக்கப் போறாங்களாம். பழம்பெருமை உள்ள தெருன்னு காட்டினா விட்டுடுவாங்க. நாளைக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தெருவே என்னை நம்பியிருக்கு.”

“எழுத வேண்டியதுதானே?”

“என்னத்தை எழுத? ஒரு கல்வெட்டு இல்லை. பெரிய மனுஷன் ஒருத்தனும் பிறக்கலை. இந்தத் தெருவுக்கு என்னம்மா பெருமை?”

குரு செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க, அங்கேயே போய் நிப்போம்.”

பன்னிரண்டடித் தெரு. இருபுறமும் கடைகள். வெயிலுக்காக ஒவ்வொரு கடையும் தெருவின் குறுக்கே தாழ்வாகப் படுதா இழுத்துக் கட்டியிருந்தது. இருவரும் மரகதத்தின் வளையல் கடையில் ஒதுங்கினார்கள்.

சற்று நேரத்தில் தெருமுனையில் ஆம்புலன்ஸ் அலறியது. பிரசவக் கேஸ் என்றார்கள்.

வேதரத்தினம் பதறியடித்துக்கொண்டு போய், மரகதத்தின் படுதாவை இறக்க அவள் கடைத் தூணிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். சரிந்தது எதிர்க்கடைப் படுதா.

“நம்ம முடிச்சு எதிர்க்கடைத் தூண்ல இருக்கு சார்” என்றாள் மரகதம். அதற்குள் எதிரே பாத்திரக்கடை சவரிமுத்து அதை அவிழ்த்துவிட்டிருந்தார். தெரு நெடுக இதே கதைதான். படுதாக்கள் மளமளவென்று அவரவர் கடையோரமாகச் சரிந்து விழுந்தன. வண்டி எதிலும் உரசாமல் போயிற்று.

“சவரிமுத்து உங்களுக்கு வேண்டியவரா?” என்று வேதரத்தினம் மரகதத்தைக் கேட்டார்.

“அந்த ஆளா? பதினோரு வருஷமா பேச்சுவார்த்தையே கிடையாது.”

“அப்புறம் எப்படி?”

“வண்டி வருதுல்ல?”

“இந்த ஏற்பாட்டைச் செஞ்சது யாரு?”

“யாரு கண்டா? எங்க மாமியார் காலத்துலயும் இப்படித்தான்.”

எதிர்க்கடைக் கயிற்றை மறுபடி தன் தூணில் இறுக்கக் கட்டிவிட்டு அவள் வியாபாரத்தைப் பார்க்கப் போனாள்.

வேதரத்தினம் குருவின் பக்கம் திரும்பினார். “அம்மா, அவங்கவங்க முடிச்சு அவங்கவங்க கடையிலேயே இருந்தா இன்னும் சுலபமா இருக்குமே?”

“இருக்கும்” என்றார் குரு. “ரெண்டு வரிசைக் கடையும் இருக்கும். தெரு இருந்திருக்காது.”